செஷல்ஸ் வரும் தம்பிக்கு: பிரெஞ்சு வகுப்புக்குக் காசைக் கட்டாதீர்கள்

தம்பி, அடுத்த மாதம் செஷல்ஸின் மாஹே தீவுக்கு ஸ்டோர் கீப்பர் வேலைக்கு வருகிறேன், ஏஜென்ட் ஆங்கிலமே போதும் என்கிறார், நண்பர் பிரெஞ்சு வகுப்பில் சேரச் சொல்கிறார், யார் பேச்சைக் கேட்பது, வாடகை விலைவாசி எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையை விடுங்கள். தங்குமிடமும் சாப்பாடும் யார் செலவு என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், அது போதும். மொழி விஷயத்தில் அந்த இரண்டு பேர் சொல்வதும் தப்பு. பதினாறு வருஷத்துக்கு முன்னால் என்னையும் இதே பேச்சைச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

இங்கே அரசியலமைப்புப்படி தேசிய மொழிகள் மூன்று: கிரியோல், ஆங்கிலம், பிரெஞ்சு. 1770இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்து குடியேறினார்கள். 1814 ஒப்பந்தத்தில் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனாலும் தோட்ட முதலாளிகள் இங்கேயே இருந்துவிட்டார்கள். முதலாளிகளின் பிரெஞ்சிலிருந்து அந்த ஜனங்கள் வாயில் பிறந்த தனி மொழிதான் கிரியோல். அதனால் ஆபீஸ், கோர்ட், பேங்க் காகிதமெல்லாம் ஆங்கிலம். பிரெஞ்சோ, மாதா கோவிலிலும் பழைய குடும்பங்களிலும் நின்றுவிட்டது. வீட்டிலும் கடையிலும் துறைமுகத்திலும் ஜனங்கள் பேசுவது கிரியோல்தான். உங்களுக்குச் சம்பளச் சீட்டு ஆங்கிலத்தில் வரும், ஆனால் வேலை கிரியோலில் நடக்கும்.

நான் வந்த மூன்றாவது வாரம். பிராலின் தீவுக்குச் சரக்கு ஏற்றும் படகுக்காரர் போன் பண்ணி 'பாத்தோ பா பூ வினி தெமேன்' என்றார். பாத்தோ படகு, தெமேன் நாளைக்கு, இந்த இரண்டு வார்த்தை எனக்குப் பிடிபட்டது. சரி சரி என்று வைத்துவிட்டு மறுநாள் விடியற்காலையில் லாரி பிடித்து, உறைந்த கோழிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய்த் துறைமுகத்தில் நின்றேன். படகு இல்லை. நடுவில் இருந்த அந்த 'பா' என்கிற ஒற்றை எழுத்துக்கு 'இல்லை' என்று அர்த்தம், படகு நாளைக்கு வராது என்று அந்த மனுஷர் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். பெட்டி அடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒன்பது மணிவரை நின்றேன். லாரி வாடகையும் கெட்டுப்போன கோழிக்கான காசும் மூன்று மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். ஆங்கிலம் போதும் என்று சொல்லி அனுப்பியவர் அதில் ஒரு ரூபாயும் தரவில்லை.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து கற்றேன். ஸ்டோரில் பெட்டி அடுக்கும் ஓர் அக்கா தினம் மதியம் சாப்பிடும்போது சொல்லிக் கொடுப்பார். தண்ணீர் திலோ, அரிசி திரி, ரொட்டி திபேன். பிரெஞ்சில் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும் சின்னச் சொல் இங்கே பெயரோடு ஒட்டிப் பிறந்துவிட்டது, அதுதான் இந்த 'தி'. நம் தமிழ் மாதிரி ஆளுக்கு ஆள் வினைமுற்று மாறாது. மோன் பெ மான்ஸே, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மோன் தி மான்ஸே, சாப்பிட்டேன். மோன் பூ மான்ஸே, சாப்பிடுவேன். நடுச்சொல் மாறும், அவ்வளவுதான். எழுத்தும் உச்சரிப்பை ஒட்டியே போவதால் எழுதியதைப் படித்தே பாதி கற்கலாம். மரியாதைக்கென்று நீ, நீங்கள் வித்தியாசம் கிடையாது, ஒருவரிடம் பேசும்போது அவர் யாரானாலும் 'ஊ'தான். வயசானவரை அப்படிக் கூப்பிட எனக்கு ரொம்ப நாள் கூச்சமாக இருந்தது, கூடவே ஒரு 'மதாம்' சேர்த்துக்கொள்வேன். ஆறு மாதத்தில் துறைமுகத்தில் நானே விலை பேசினேன். இன்றைக்கு என்னிடம் வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதல் நாளே 'பா' சொல்லிக் கொடுத்துவிடுகிறேன்.

நம் ஆட்கள் சிலர் மேல் எனக்குக் கோபம் உண்டு. பத்து வருஷம் இந்த ஊர்ச் சோறு தின்றுவிட்டு, அது உடைந்த பிரெஞ்சுதானே, அதை எதற்குக் கற்பது என்பார்கள். 1981இல் கிரியோல் அரசாங்க மொழியானது, மறுவருஷமே பள்ளிக்கூடத்துக்குள் போனது, நாடாளுமன்றத்தில் விவாதம் இதில்தான் நடக்கிறது. ஒரு லட்சம் சொச்சம் பேர் தங்கள் பேச்சுக்கு இலக்கணமும் அகராதியும் செய்து நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். மொழிக்காகப் போராடிய ஊரிலிருந்து வந்தவர்கள் அதைக் கேவலமாகப் பேசுவது எனக்குப் பொறுக்காது. தலைநகர் விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போங்கள், தமிழ் கேட்கும், மனசு ஆறும். ஆனால் வாரம் முழுக்க அந்த வட்டத்துக்குள்ளேயே இருந்துவிடாதீர்கள்.

பஸ்ஸைச் சொல்ல மறந்துவிட்டேன். அப்போது நான் மாஹேயில் ஆன்ஸ் ஓ பேன் என்கிற ஊரில் குடியிருந்தேன். வந்த புதிதில் ஒரு மழை ராத்திரி பஸ்ஸை எப்படி நிறுத்தச் சொல்வது என்று தெரியாமல், வாயைத் திறக்கப் பயந்து, என் நிறுத்தம் தாண்டி ஓ காப் என்கிற ஊர் வரைக்கும் போய்விட்டேன். பக்கத்தில் இருந்த பாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்காகத் 'தேவான்!' என்று கத்தினார். முன்னால் நிறுத்து என்று அர்த்தமாம். இறங்கி நனைந்துகொண்டே திரும்பி நடந்தபோது வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். கிரியோல் மொழிக்கென்று இருக்கும் லேன்ஸ்திதி கிரெயோல் நிறுவனம் அதே ஓ காப்பில்தான் இருக்கிறது, அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. வந்து இறங்கியதும் ஒரு நாள் போய்ப் பாருங்கள் தம்பி.