பீச்சம்: ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயரின் பொருளும் உச்சரிப்பும்

கேள்வி: லண்டன் கோபுரம் என்ற கோட்டையில் உள்ள ஒரு கோபுரத்தின் பெயரை பி-இ-ஏ-யு-சி-எச்-ஏ-எம்-பி என்று எழுதியிருக்கிறார்கள். எப்படிச் சொல்வது, என்ன பொருள்?

இங்கிலாந்தில் ‘பீச்சம்’. எழுத்தைப் பார்த்து ‘பியூசாம்ப்’ என்று சொன்னால் யாருக்கும் புரியாது. ‘அழகிய வயல்’ என்பதுதான் பொருள்: ‘போ’ என்றால் அழகான, ‘ஷான்’ என்றால் வயல். இன்றைய பிரெஞ்சுக்காரர்கள் ‘போஷான்’ என்பார்கள்; கடைசி ‘ன்’ மூக்கொலிதான், ‘ப்’ வரவே வராது.

சரி, பிரெஞ்சில் ‘ஷ’, ஆங்கிலத்தில் மட்டும் ஏன் ‘ச்ச’? ஆங்கிலேயர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ஒலியைப் பொறுத்தவரை அது அநியாயம். 1066-இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மானியர்களோடு, அதற்குப் பிறகு இந்தப் பெயர் இங்கிலாந்து வந்தபோது, பிரெஞ்சிலேயே ‘சி-எச்’ என்பது நம் ‘பச்சை’யில் வரும் ‘ச்ச’ போலத்தான் ஒலித்தது. அப்புறம் பிரெஞ்சு ‘ஷ’வுக்கு மாறியது, ஆங்கிலம் பழையதையே பிடித்துக்கொண்டது. ‘சேம்பர்’, ‘சாம்பியன்’ எல்லாம் அப்படி வந்தவையே. பின்னாளில் கடன் வாங்கிய ‘ஷெஃப்’, ‘மெஷின்’ புது ஒலியோடு வந்தன.

‘போ’ ‘பீ’ ஆனது மட்டும் ஆங்கில வாயின் வேலை. பெல்வாய்ர் என்று எழுதும் கோட்டையை ‘பீவர்’ என்பவர்கள் ஆயிற்றே!

அந்தக் கோபுரத்துக்குப் பெயர் தந்தவர் வாரிக் பிரபு தாமஸ் பீச்சம். இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் 1397-இல் அவரை அங்கேதான் அடைத்தார். அமெரிக்காவில் இதே பெயருள்ள சிலர் ‘போசாம்ப்’ என்கிறார்கள். நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.