குரல் உடையும் வயதில் எந்தக் கட்டை? பள்ளி இசை, நாடகம், நடனம் – கேள்வி பதில்

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பாட்டு, நாடகம், நடனம் சொல்லித் தருபவர்களும் பெற்றோரும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகள். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

போன வருஷம் வரை மேல் பஞ்சமம் (ப) தொட்ட பையன், எட்டாம் வகுப்பு வந்ததும் மேல் ஸட்ஜத்திலேயே (ஸ) கரகரக்கிறான். குரல் சரியாகும்வரை பாட வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

வேண்டாம். நிறுத்த வேண்டியது பாட்டை அல்ல, பழைய கட்டையை, அதாவது ஸட்ஜத்தை வைத்துப் பாடும் சுருதி உயரத்தை. பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள் குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பையன்களுக்குப் பேச்சுக் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி (மேல் ஸ முதல் கீழ் ஸ வரை உள்ள தூரம்) இறங்கிவிடும். புது நீளத்துக்குத் தசைகள் பழகும்வரை நடுவில் இரண்டு மூன்று சுரங்கள் உடையும், சில சமயம் காற்று மட்டும்தான் வரும்.

அவனை இயல்பாக ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணச் சொல்லுங்கள். குரல் அதிகமாகத் தங்கும் ஒலியைக் கீபோர்டில் தேடிப் பிடியுங்கள். அதற்கு இரண்டு அல்லது மூன்று அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு சாவிகளின் இடைவெளி ஒரு அரைச்சுரம்) மேலே ஸட்ஜத்தை வைத்து, ஸ முதல் ப வரை மட்டும் பாடவிடுங்கள். ஐந்து சுரத்தில் எத்தனையோ அலங்காரம் செய்யலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்து, தேதியோடு குறித்து வையுங்கள். குரல் எந்தப் பக்கம் போகிறது என்று அந்தக் குறிப்பே காட்டிவிடும். பழைய கட்டையிலேயே நின்று, உடைகிற சுரத்தைக் கத்தித் தாண்டப் பழகுவதுதான் கெடுதல். அந்த இறுக்கம் குரல் நிலைத்த பிறகும் எளிதில் போகாது. கரகரப்பு பேச்சிலும் மூன்று வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இறக்கம் சில அரைச்சுரம்தான். ஆனால் கொஞ்ச நாள் குரலோடு காற்றும் சேர்ந்து வரும். அதைச் சோம்பல் என்று எண்ணித் திட்டாதீர்கள்.

ஒன்பதாம் வகுப்பு, 24 பேர், பையன்களும் பெண்களும் சரிபாதி. குழுப் பாட்டுக்கு எந்தக் கட்டை வைப்பது?

தனித்தனியாகப் பாடினால் பெண்களுக்கு ஐந்து (கீபோர்டில் G), பையன்களுக்கு ஒன்று (C) என்பதுதான் வசதி. எல்லோரையும் ஐந்தில் பாடவிட்டால் உடைந்த குரலுக்கு மேல் ஸட்ஜமே போராட்டம். ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடச் சொன்னால் ஒலி நாலாவது வரிசையைத் தாண்டாது. எல்லோருக்கும் ஒன்று என்றால் பெண்களின் குரல் அடியில் புதைந்துவிடும்.

நடைமுறையில் எல்லோருக்கும் மூன்றாம் கட்டை (E) ஒத்துவரும், பாட்டை அதற்குத் தகுந்தபடி தேர்ந்தெடுத்தால். மூன்றில் பெண்களால் மந்திர நிஷாதத்துக்கு (கீழ் ஸ்தாயி நி) கீழே வசதியாக இறங்க முடியாது, பையன்களால் தார ரிஷபத்துக்கு (மேல் ஸ்தாயி ரி) மேலே ஏற முடியாது. ஆகவே பாட்டு இந்த இரண்டுக்கும் நடுவில் அடங்க வேண்டும். முதலில் பாட்டின் மிகத் தாழ்ந்த சுரத்தையும் மிக உயர்ந்த சுரத்தையும் எழுதிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒத்திகையின் மூன்றாவது வாரத்தில் கட்டையை மாற்றுகிறவர்கள்தான் அதிகம். ஏறும் வரி ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் அதைப் பெண்களுக்கும், இறங்கும் வரியைப் பையன்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிடலாம். குரல் உடையாத பையன்கள் பெண்கள் பக்கம் நிற்கட்டும், அவர்களைக் கூச்சப்படுத்தாமல்.

சுருதிப் பெட்டியை ஆசிரியர் மேசையில் வைக்காதீர்கள், குழுவின் நடுவில் வையுங்கள். கைபேசித் தம்புராவானால் வெளி ஸ்பீக்கர் கட்டாயம். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் கீழ் ஸட்ஜத்தின் அடி ஒலி கேட்காது.

என் மகளுக்குச் சுருதியே சேரவில்லை, காதே இல்லை என்று பள்ளியில் சொல்கிறார்கள். உண்மையா?

இரண்டு பாட்டில் வித்தியாசம் தெரிகிறதா? தெரிந்த பாட்டு தப்பாகப் பாடப்பட்டால் முகம் சுளிக்கிறாளா? அப்படியானால் காது இருக்கிறது. காது கேட்டதைத் தொண்டை பிடிப்பதில்தான் பழக்கம் போதவில்லை. வழக்கமாகச் செய்வதைத் திருப்பிப் போடுங்கள்: அவள் தனக்கு வசதியான ஒரு ஒலியை இழுத்துப் பிடிக்கட்டும், நீங்கள் அதற்கு வந்து சேருங்கள். சேர்ந்த ஒலி எப்படி இருக்கும் என்று அவளுக்கு முதன்முதலாகத் தெரிவது அப்போதுதான். பிறகு அதிலிருந்து ஒரு சுரம் மேலே, ஒரு சுரம் கீழே வழுக்கிப் போய்த் திரும்பி வாருங்கள். தினம் ஐந்து நிமிடம் போதும். கீபோர்டைவிட மனிதக் குரலைப் பின்பற்றுவது எளிது, அதுவும் அவள் குரலின் உயரத்திலேயே உள்ள குரல். அப்பா தன் ஸ்தாயியில் பாடிக் காட்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

40 பேர் வகுப்பு, வாரம் இரண்டு வகுப்புதான். மாயாமாளவகௌளை ராகத்தில்தான் தொடங்க வேண்டுமா?

ஸரிகம, பதநிஸ இரண்டு பாதியிலும் இடைவெளி ஒரே அச்சு, சின்ன இடைவெளியும் பெரிய இடைவெளியும் பளிச்சென்று வேறுபடும். தொடர்ந்து கற்கப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஆனால் வாரம் இரண்டு வகுப்பில் 40 பேர் ரி1–க3 தாண்டலை (தாழ்ந்த ரிஷபத்திலிருந்து உயர்ந்த காந்தாரத்துக்கு) சுத்தமாகப் பாட மாட்டார்கள், ரிஷபம் மெல்ல மேலே ஏறிவிடும். பொது வகுப்புக்கு மோகனத்தில் ஐந்து வாரம், பிறகு சங்கராபரணம் என்று போகலாம் என்பது என் கருத்து. மரபைக் கெடுக்கிறேன் என்று கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்.

குழுவாகப் பாடும்போது தாளம் ஓடிவிடுகிறது. மெட்ரோனோம் வைத்தால் சரி, எடுத்தால் மறுபடி ஓட்டம்.

மெட்ரோனோம் அவர்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, அதனால்தான். கை குரலைப் பின்தொடர்கிறது. குரல்தான் கையைப் பின்தொடர வேண்டும். பாதிப் பேர் தாளம் மட்டும் போடட்டும், மீதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு பாடட்டும், பிறகு மாற்றுங்கள். அடுத்து, ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) வாய்விட்டுப் பாட்டு, அடுத்த ஆவர்த்தனம் மனத்துக்குள் பாட்டு, கையில் மட்டும் தாளம். மூன்றாவதில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து விழுகிறார்களா பாருங்கள். ஓட்டம் எங்கே தொடங்குகிறது என்றும் கவனியுங்கள்: பெரும்பாலும் மூச்சு வாங்கும் இடத்தில், அல்லது அரை இடம் தள்ளி எடுக்க வேண்டிய வரியைச் சமத்திலேயே (தாளம் தொடங்கும் அடியிலேயே) எடுத்துவிடும் இடத்தில். மூச்சு வாங்கும் இடங்களைப் பாடப் புத்தகத்தில் பென்சிலால் குறித்தாலே பாதி சரியாகும்.

ஆண்டு விழாவில் குழுவுக்கு ஆறு மைக் வைத்தோம். விசிலும் அடித்தது, பாட்டும் மங்கலாகக் கேட்டது. இன்னும் மைக் சேர்க்கலாமா?

குறையுங்கள். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், விசில் வராமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறைகிறது. 24 பேருக்கு இரண்டு கண்டென்சர் மைக் போதும். முன்வரிசையிலிருந்து 75 செ.மீ. தள்ளி, அவர்கள் தலைக்குச் சற்று மேலே, பின்வரிசையின் வாயைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். இரண்டு மைக்குக்கும் இடைவெளி பாடுபவர் தூரத்தைப் போல மூன்று மடங்காவது, அதாவது 225 செ.மீ. இருக்கட்டும். நெருக்கி வைத்தால் ஒரே குரல் இரண்டிலும் நூலளவு முன்பின்னாகச் சேர்ந்து, சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நீங்கள் கேட்ட மங்கல் அதுதான்.

கண்டென்சருக்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் போக வேண்டும். அதைப் போடும்போது ஒலியளவுப் பட்டி கீழே இருக்கட்டும், இல்லாவிட்டால் அரங்கமே அதிரும். அரங்க ஸ்பீக்கர்கள் மைக்குக்கு முன்னால், பார்வையாளர் பக்கம் நிற்க வேண்டும். மேடைக்குள் வைக்கும் மானிட்டரில் தம்புராவை மட்டும் அனுப்புங்கள். குரல்களை அனுப்பினால் விசில் திரும்பி வரும். காலி அரங்கில் சரிபார்த்த அளவு ஆள் நிறைந்ததும் குறைவாகக் கேட்கும், உடல்கள் ஒலியை உறிஞ்சும். மிக்ஸர் பக்கம் இருப்பவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நாடகத்தில் பிள்ளைகள் கத்தித்தான் பேசுகிறார்கள், ஆனாலும் பின்வரிசைக்குப் புரியவில்லை.

சத்தம் போதாமல் அல்ல, வாக்கியத்தின் கடைசி விழுங்கப்படுகிறது. தமிழில் வினை கடைசியில்தான் வரும், ‘மாட்டேன்’, ‘இல்லை’ எல்லாம் அங்கேதான் இருக்கிறது. ‘நான் அங்கே போக…’ வரை கேட்டு, மீதி காணாமல் போனால் கதையே தலைகீழ். ஒத்திகையில் ஒரு சுற்று, ஒவ்வொரு வசனத்தின் கடைசிச் சொல்லை மட்டும் பேசவையுங்கள். நீங்கள் அரங்கின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள். இருவர் பேசும் காட்சியில் முழுக்க ஒருவரையொருவர் பார்க்காமல், கால் பங்கு உடலைச் சபைப் பக்கம் திருப்பி நிற்கட்டும்.

ஆறு வாரம் இருந்தால் மூன்றாம் வார முடிவில் கையில் தாள் இருக்கக் கூடாது. கடைசி வாரத்தில் ஒரு நாள் விளக்குக்கும் ஒலிக்கும் மட்டும். அன்று நடிப்பைத் திருத்தாதீர்கள்.

அரைமண்டியில் (முழங்காலை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்காரும் நடன நிலை) முழங்கால் வலிக்கிறது. பத்தாம் வகுப்பு மாணவி.

சிமெண்ட் தரையா? தட்டும் அடியெல்லாம் காலுக்கே திரும்பி வரும். கீழே சட்டம் அடித்து உயர்த்திய மரத்தளம் நல்லது. கனமான மெத்தை விரிப்பு தீர்வல்ல, கணுக்கால் பிசகும். அடுத்து, கண்ணாடி முன் அரைமண்டியில் நின்று முழங்கால் சில்லின் நடுவிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிடுங்கள். அது இரண்டாவது கால்விரலுக்கு நேராக விழ வேண்டும். உள்ளே விழுந்தால், இடுப்பு திரும்பும் அளவைவிடப் பாதத்தை அதிகம் திருப்பியிருக்கிறீர்கள், முறுக்கத்தை முழங்கால் தாங்குகிறது. பாதத்தைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவாருங்கள், விரிவு குறைந்தாலும் பரவாயில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முனை புடைத்து, தொட்டால் வலித்தால், வேகமாக உயரம் கூடும் வயதில் வருவது அது. ஆடுவதைக் குறைத்து மருத்துவரைப் பாருங்கள்.

பள்ளியில் ஒரே மிருதங்கம். பெண்கள் பாட்டுக்கும் பையன்கள் பாட்டுக்கும் அதையே சேர்க்கலாமா?

முடியாது. ஐந்து கட்டைக்கு 22 அங்குலம், ஒரு கட்டைக்கு 24 அங்குலம் என்பது வழக்கம். சின்ன மிருதங்கத்தை மிக இறக்கினால் நாதம் செத்துவிடும், பெரியதை மிக ஏற்றினால் வார் அறும் அல்லது தோல் கிழியும். சின்ன வித்தியாசம் என்றால் வலந்தலை (வலது முகம்) விளிம்பில் உள்ள பின்னலை மேலிருந்து தட்டினால் ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். ஒரே இடத்தில் தட்டாமல் எதிரெதிராகச் சுற்றி வாருங்கள். தொப்பியில் (இடது முகம்) ஒட்டிய ரவையை வாசித்து முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து எடுக்கவும். விட்டால் காய்ந்து தோலைப் பிடித்து இழுக்கும், பூச்சியும் வரும்.

குரல் இனிமைக்கு மதிப்பெண் உண்டா?

கூடாது, அது கற்றுக்கொடுத்தது அல்ல. 25க்கு என்றால் சுருதி 8, தாளம் 8, பாடம் 5, ஒத்திகைக்கு வந்து நின்றது 4. குரல் உடையும் பையனை அவனுடைய கட்டையிலேயே சோதியுங்கள்.

கீபோர்டில் ஐந்து கட்டைக்குச் சேர்த்தேன், மேடையில் எல்லாம் தப்பாக வந்தது.

டிரான்ஸ்போஸ் எண்ணை (கீபோர்டு முழுவதன் சுருதியையும் ஏற்றி இறக்கும் அமைப்பு) மாற்றிவிட்டு, ஐந்து கட்டைக்கான விரலையும் வைத்திருப்பீர்கள். இரண்டில் ஒன்றுதான். வாசிக்கும் முன் திரையில் அந்த எண்ணைப் பாருங்கள்.