ஓரத்துக்கு வாங்கிய செடி முற்றத்தையே பிடித்துக்கொண்டால்?

கேள்வி: ‘மஞ்சள் கரிசலாங்கண்ணி’ என்று போட்டிருந்ததை நம்பி, இணையத்தில் பத்து நாற்று 650 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு மழைக்காலத்துக்குள் பாத்தியைத் தாண்டிக் கிணற்றடி வரை படர்ந்துவிட்டது. கீரையாகச் சமைக்கலாமா? ஏழு நாள் கடந்ததால் பணம் தர முடியாது என்கிறார் விற்றவர்.
– கீழக்கரை வாசகி

பதில்: சமைக்காதீர்கள் அம்மா. நீங்கள் அனுப்பிய படத்தில் இலையின் இரண்டு பக்கமும் பல் மாதிரி ஒரு மடல் நீட்டிக்கொண்டிருக்கிறது, மேல்பக்கம் எண்ணெய் தடவியதுபோல் மின்னுகிறது. மஞ்சள் கரிசாலையின் இலை ஒடுக்கமாக நீண்டிருக்கும், இந்த மடல் இருக்காது. உங்களுக்கு வந்திருப்பது வெடேலியா. சிங்கப்பூர் டெய்சி என்றும் சொல்வார்கள். அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இடம்பிடித்தது.

இந்தப் பெயர் மாற்றம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அழகுக்கு வைக்கும் செடியை அழகுச்செடி என்றே விற்கட்டும், யாரும் கேட்கப்போவதில்லை. மூலிகைப் பெயர் வைத்தால் நாலு மடங்கு விலை கிடைக்கிறது. காமாலைக்குக் கரிசாலையைப் பச்சையாக அரைத்துக் குடிப்பவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் வேறு செடியைக் கொடுப்பது பண மோசடியோடு நிற்கிற காரியமா?

சரி, பணத்துக்கு வருவோம். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020 மின்வணிக விதிகள். விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து, ரசீதோடு வைத்துக்கொண்டு முதலில் 1915 உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். மசியவில்லையென்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது.

செடியைப் பிடுங்கியதும் தெருவிலோ கண்மாய்க் கரையிலோ போடாதீர்கள். ஒவ்வொரு கணுவும் வேர் விடும். விரல் நீளத் துண்டு ஈர மண்ணில் விழுந்தால் போதும். மொட்டை மாடியில் சருகாகும்வரை காயவிடுங்கள்.

கேள்வி: வண்டியில் வந்தவரிடம் 40 செடி வாங்கினேன். பெயர் கேட்கவில்லை, ரசீதும் இல்லை. பாதி பட்டுப்போனது, மீதி தோட்டமெல்லாம் பரவுகிறது. பணம் கிடைக்குமா?
– தொண்டி வாசகர்

பதில்: கிடைக்காது. பெயர்கூடக் கேட்காமல் எப்படி 40 செடி வாங்கினீர்கள்?

கேள்வி: சுவரோரம் ஊதாப்பூ ரூலியா வைத்தேன். செங்கல் பதித்தும் தாண்டி வருகிறது. கடைக்காரர் களைக்கொல்லி தருகிறேன் என்கிறார்.
– உச்சிப்புளி வாசகர்

பதில்: நானும் இதே செடியை ஐந்து பை வாங்கினேன். ‘தண்ணீர் அதிகம் வேண்டாம், உப்புக்காற்றையும் தாங்கும்’ என்றார் நர்சரிக்காரர். இரண்டும் உண்மை. எப்படிப் பரவும் என்பதை மட்டும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐப்பசி முதல் மழையன்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன், சுவரோரம் பட் பட்டென்று சத்தம். காய்ந்த காய்கள் நனைந்ததும் வெடித்து, விதைகள் சிமெண்ட் தரையில் வந்து விழுந்தன. சின்ன வயதில் எச்சில் தொட்டு வெடிக்கவைத்த பட்டாசுக்காயின் உறவுச்செடி இது. தெரிந்திருந்தால் தரையில் வைத்தே இருக்க மாட்டேன்.

செங்கல் மேலே மட்டும் நிற்கிறது, கிழங்கு வேர் மணலுக்கு அடியில் சுலபமாக ஓடும். பழைய பிளாஸ்டிக் டிரம்மின் அடியை வெட்டிவிட்டு, ஒரு அடி ஆழம் புதைத்து, விளிம்பு இரண்டு அங்குலம் மேலே தெரியும்படி வைத்து அதற்குள் நடுங்கள். பூ உதிர்ந்ததும், காய் பழுப்பாகும் முன்பே கொத்தோடு நறுக்குங்கள். வெளியே முளைப்பதை மழை பெய்த மறுநாள் பிடுங்கினால் வேரோடு வரும்.

களைக்கொல்லி வேண்டாம். நம் மணலில் ஊற்றியது கீழே இறங்கும், அந்த மணல் ஊற்றைத்தான் கிணற்றில் இறைத்துக் குடிக்கிறோம். அவர் தருவது கிளைபோசேட் என்ற களைக்கொல்லி என்றால், அதைப் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022இல் அறிவிக்கை வெளியிட்டது. கடைக்காரருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: தோட்டத்துக்கு ஒரு டிராக்டர் செம்மண் அடித்தேன். மழைக்குப் பிறகு முழுக்கக் கோரை.
– தேவிபட்டினம் வாசகி

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. கோரைக்கிழங்கு மண்கட்டிக்குள் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த முறை முழு லோடு சொல்லும் முன் ஒரு வாளி மண் வாங்கி, நனைத்து, இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். இப்போதைக்குக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். கொத்திவிட்டால் அறுந்த கிழங்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும்.

கேள்வி: வாசல் மணல் பறக்காமல் இருக்கப் படர்செடி ஒன்று 35 ரூபாய் என்கிறார்கள். 100 வாங்கலாமா?
– மூக்கையூர் வாசகர்

பதில்: வாங்காதீர்கள். உங்கள் கடற்கரையிலேயே அடம்பு கிடக்கிறது, ஆட்டுக்குளம்பு மாதிரி இலை, ஊதாப் பூ. வேர்விட்ட கொடியில் இரண்டு முழம் வெட்டி, கணுக்களை மணலில் புதைத்து, கார்த்திகை மழையில் விட்டுவிடுங்கள். இதுவும் ஓடிப் பரவும்தான், ஆனால் இந்தக் கரையின் செடி. பக்கத்துத் தீவுகளுக்குப் போய் மட்டும் எடுக்காதீர்கள், அவை தேசியப் பூங்கா.