பார்ப்பவர் எத்தனை பேர்? டேட்டா அனலிடிக்ஸ் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 12 பேர். விற்பனைக் கணக்கு முழுவதையும் நான் ஒருத்திதான் எக்செலில் பார்க்கிறேன். ஃபைல் திறக்கவே நேரம் பிடிக்கிறது. முதலாளி, கணக்கை சார்ட்டாகக் காட்டும் மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ வாங்கலாம் என்கிறார். கல்லூரியில் படிக்கும் என் தம்பியோ, "மெட்டாபேஸும் அதே வேலையைச் செய்யும், நிரலையே எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ், சல்லிக்காசு செலவில்லை" என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவர் பேச்சையும் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு அந்த எக்செல் ஃபைலைப் பாருங்கள். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசை வரை போகலாம். (பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல் என்றால் 65,536-லேயே நின்றுவிடும். 2020-ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 கொரோனா தொற்றுகள் கணக்கில் விடுபட்டது இந்த எல்லையால்தான்.) அந்த அளவைத் தொட்டுவிட்டீர்களா? அநேகமாக இருக்காது. வேறொரு பட்டியலில் தேடி மதிப்பை எடுத்துவரும் வி-லுக்கப் ஃபார்முலாக்கள் ஆயிரக்கணக்கில் இருந்து, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கணக்குப் போடுவதால்தான் இப்படிப்பட்ட ஃபைல்கள் நொண்டும். எக்செல் 2016 முதல் பவர் குவெரி உள்ளேயே வருகிறது, 'டேட்டா' மெனுவில் இருக்கும். மாதா மாதம் வரும் ஃபைல்களை ஒரே ஃபோல்டரில் போட்டால் எல்லாவற்றையும் கோத்து ஒரே பட்டியலாகக் கொடுக்கும். ஒரு வாரம் அதில் உட்கார்ந்து பாருங்கள். அதிலேயே தீர்ந்துவிட்டால் எதையும் வாங்க வேண்டாம்.

சரி, தீரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பவர் பிஐயில் ரிப்போர்ட் செய்யும் டெஸ்க்டாப் மென்பொருள் இலவசம். செய்ததை மற்றவர்களுக்குக் காட்டப் போகும்போதுதான் பணம். பகிர்பவருக்கும் ப்ரோ லைசென்ஸ் வேண்டும், பார்ப்பவருக்கும் வேண்டும். பெரிய நிறுவனங்கள் தலைக்கணக்கை விட்டுவிட்டு மொத்தமாக சர்வர் திறனை வாங்குவது உண்டு. 12 பேருக்கு அது கட்டுப்படியாகாது. இதே வகையைச் சேர்ந்த டேப்லோவில் கிரியேட்டர், எக்ஸ்ப்ளோரர், வியூவர் என்று மூன்று படி. வியூவருக்கு விலை குறைவு, ஆனாலும் விலை உண்டு. ஆகவே தினமும் உண்மையிலேயே டேஷ்போர்டை (சார்ட்டுகள் நிறைந்த திரையை) திறக்கப் போகிறவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பவருக்கு எதற்குச் சந்தா? பிடிஎஃப் அனுப்பினால் போதும்.

இதில் மிச்சம் பிடிக்கலாமே என்று பவர் பிஐயின் 'பப்ளிஷ் டு வெப்' பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள். அந்த லிங்க் கிடைத்த யாரும் லாகின் இல்லாமலே உங்கள் விற்பனையைப் பார்த்துவிடலாம்.

அடுத்து தம்பியின் யோசனை. மெட்டாபேஸ் லைசென்ஸுக்குக் காசில்லை என்பது உண்மைதான். ஆனால் அது ஏதோ ஒரு சர்வரில் ஓட வேண்டும், அதை யாராவது கவனித்துக்கொள்ள வேண்டும். 2023 ஜூலையில் மெட்டாபேஸில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. லாகின் செய்யாமலே வெளியாள் ஒருவர் உங்கள் சர்வரில் கட்டளைகளை ஓட்டலாம் என்ற அளவுக்கு. திருத்தமும் வந்தது. ஆனால் நீங்களே வைத்திருக்கும் சர்வரில் அது தானாக ஏறிக்கொள்ளாது. அன்றைக்குப் பார்த்து தம்பிக்குப் பரீட்சையாக இருந்தால்?

நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்றும் உண்டு. ஓப்பன் சோர்ஸ் டேஷ்போர்டு ஒன்றை டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி) ஏற்றி, இரண்டு மாதம் உட்கார்ந்து நாற்பது சொச்சம் சார்ட் போட்டேன். புது வெர்ஷன் போடுவதற்காகப் பழைய கன்டெய்னரை நீக்கினேன். திரும்ப ஏறியதும் "வருக, உங்கள் பெயர் என்ன?" என்று புது ஆளைக் கேட்பதுபோல் கேட்டது. சார்ட் எல்லாம் அந்தக் கன்டெய்னருக்குள் இருந்த ஒரு சின்ன ஃபைலோடு போயிருந்தன. கையேட்டில் எச்சரித்திருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை. மெட்டாபேஸ் போடுவதானால் முதல் நாளே அது சார்ட்டுகளைச் சேமிக்கும் ஹெச்2 ஃபைலை விட்டு போஸ்ட்கிரெஸ் என்ற தனி டேட்டாபேஸுக்கு மாறுங்கள், பேக்கப்பும் எடுங்கள்.

என்னைக் கேட்டால், சர்வரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் இல்லாத இடத்தில் சந்தாதான் மலிவு. மெட்டாபேஸ்தான் பிடித்திருக்கிறது என்றால் அவர்களே ஓட்டித் தரும் கிளவுட் சந்தாவும் இருக்கிறது. எதுவானாலும், மாதச் சந்தா கிடைத்தால் முதலில் அதைக் கட்டுங்கள். மூன்று மாதத்தில் யார் திறக்கிறார்கள், யார் திறப்பதே இல்லை என்பது தெரிந்துவிடும். ஆண்டுச் சந்தாத் தள்ளுபடியை அப்புறம் பேசலாம்.

கேள்வி: நான்கு வருடமாக டேப்லோவில் இருக்கிறோம். ஆள் கூடக் கூடச் சந்தாவும் கூடுகிறது. சூப்பர்செட் என்ற ஓப்பன் சோர்ஸ் டேஷ்போர்டு மென்பொருளுக்கு மாறினால் பழைய டேஷ்போர்டுகளை அப்படியே கொண்டுபோக முடியுமா?

பதில்: முடியாது. டேட்டா வரும், கணக்கு வராது. டேப்லோவின் டிடபிள்யூபி ஃபைல் ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள், உள்ளே இருப்பது எக்ஸ்எம்எல் என்ற, படிக்கக்கூடிய எழுத்துதான். 'கால்குலேஷன்' என்று தேடினால் நான்கு வருடமாக எழுதிய ஃபார்முலாக்கள் வரிசையாக வந்து நிற்கும். 'நிகர விற்பனை' என்ற ஒரே பெயரில் மூன்று ஃபார்முலா இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஒன்றில் ரிட்டர்ன் கழித்திருக்கும், ஒன்றில் வரி கழித்திருக்கும், இன்னொன்றில் இரண்டுமே கழித்திருக்காது. எது சரி என்று முதலில் அக்கவுன்ட்ஸ் ஆட்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

முடிவானதை, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் எழுதி, டேட்டாபேஸிலேயே வியூவாக (பெயரிட்டுச் சேமித்த கேள்வியாக) வைத்துவிடுங்கள். டேஷ்போர்டு மென்பொருள் அதைப் படமாகக் காட்டினால் மட்டும் போதும். நாளைக்கு சூப்பர்செட்டும் ஒத்துவரவில்லை என்றால் வியூ உங்கள் கையில் இருக்கும். டேப்லோவிலேயே இருந்துவிடுவதாக முடிவெடுத்தாலும் இந்த வேலையைச் செய்வது நல்லது.

சூப்பர்செட் 2015-ல் ஏர்பிஎன்பி நிறுவனத்துக்குள் பிறந்தது. பெரிய வீட்டுப் பிள்ளை, அதனால் வளர்க்கும் செலவும் கொஞ்சம் அதிகம். தனக்கென்று ஒரு டேட்டாபேஸ் கேட்கும். குறித்த நேரத்துக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும் என்றால் ரெடிஸ், செலரி என்று பின்னணியில் வேலை செய்யும் மென்பொருள்களையும் கூடுதலாக ஓட்ட வேண்டும். எல்லா டேஷ்போர்டையும் மாற்றாமல், கடைசி மூன்று மாதத்தில் யாராவது திறந்தவற்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டி, எண்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகு சந்தாவை நிறுத்துங்கள். புதுப்பிப்பு தானாக நடக்கும் ஒப்பந்தமா, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதை இன்றே எடுத்துப் படித்துவிடுங்கள்.

கேள்வி: ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் திடீரென்று காசு கேட்க ஆரம்பித்தால்?

பதில்: நடந்திருக்கிறது. எலாஸ்டிக்செர்ச் என்ற தேடல் மென்பொருள் 2021-ல் லைசென்ஸை மாற்றியது. ஆனால் முன்பு வெளியான வெர்ஷன்களின் அனுமதியைத் திரும்பப் பிடுங்க முடியாது. அப்படிப்பட்ட பழைய வெர்ஷனிலிருந்து கிளைத்ததுதான் ஓப்பன்செர்ச். சந்தா பக்கமும், இலவசச் சேவை பக்கமும் கதவு மூடப்படுவது உண்டு: இணையதளத்துக்கு வருவோரை எண்ணும் யுனிவர்சல் அனலிடிக்ஸை கூகுள் 2023 ஜூலை 1-ல் நிறுத்தியது. ரெடேஷ் என்ற ஓப்பன் சோர்ஸ் டேஷ்போர்டு மென்பொருளை டேட்டாபிரிக்ஸ் நிறுவனம் வாங்கிய மறு வருடம், 2021-ல், அதன் கிளவுட் சேவை மூடப்பட்டது. சொந்த சர்வரில் ஓட்டிக்கொண்டிருந்தவர்களை அது தொடவில்லை. இன்னொரு சூட்சுமம்: டேட்டா வேலைக்குப் பலர் பயன்படுத்தும் பைத்தான் மொழி இலவசம்தான். ஆனால் 200 பேருக்கு மேல் உள்ள நிறுவனம் அதன் துணை நிரல்களைத் தரும் அனகோண்டாவின் பேக்கேஜ் களஞ்சியத்தைப் பயன்படுத்தினால் பணம் கட்ட வேண்டும். தன்னார்வலர்கள் நடத்தும் கான்டா-ஃபோர்ஜ் களஞ்சியத்துக்கு அந்த நிபந்தனை இல்லை.

கேள்வி: என்னிடம் இருப்பது மேக். பவர் பிஐ டெஸ்க்டாப் ஏற மாட்டேன் என்கிறது. கற்றுக்கொள்வதற்காக ஒரு விண்டோஸ் லேப்டாப் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். அது விண்டோஸுக்கு மட்டுமே வருகிறது, உங்கள் மேக் மேல் தப்பில்லை. இப்போதைக்கு டக்டிபி என்ற இலவச டேட்டாபேஸ் மென்பொருளை இறக்கிக்கொண்டு, கையில் இருக்கும் ஏதாவது ஒரு சிஎஸ்வி ஃபைல் மேல் எஸ்க்யூஎல் எழுதிப் பழகுங்கள். பவர் பிஐ கேட்கும் வேலை கிடைத்தால் லேப்டாப்பை அவர்களே தருவார்கள்.