ஞாயிறு வந்தால் பர்கர் கேட்டு அடம்பிடிக்கும் குழந்தை: எத்தனை தடவை, எதை வாங்கித் தரலாம்?

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாலில் இருக்கும் பர்கர் கடைக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். பாதி ஆசை, கூடத் தரும் பொம்மைக்காகத்தான். மாதம் ஒரு தடவை போதும் என்கிறார் கணவர். அறவே கூடாது, வேண்டுமானால் தெருமுனை பேக்கரியில் பஃப்ஸ் வாங்கித் தரலாம் என்கிறார் மாமியார். மனசு கேட்காமல், பள்ளியில் நடந்த ஒரு முகாமில் சொன்ன சத்து பவுடரை வாங்கி, பர்கர் சாப்பிட்ட மறுநாள் பாலில் கலந்து கொடுக்கிறேன். எத்தனை தடவை போகலாம்? எதை வாங்கினால் கெடுதல் குறைவு?
– வாசகி, திருப்பூர்

பதில்: உயரத்துக்கேற்ற எடையோடு ஓடியாடி விளையாடும் குழந்தை என்றால், மாதம் இரண்டு தடவை போனால் ஒன்றும் ஆகிவிடாது. வாராவாரம் வேண்டாம். ஆனால், போகும்போது காம்போவாக வாங்குகிறீர்களா, தனித்தனியாக வாங்குகிறீர்களா என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

7 முதல் 9 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,700 கலோரி தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போட்ட கணக்கு. சாதாரண உருளைக்கிழங்கு பர்கர் ஒன்று ஏறக்குறைய 350 கலோரி. சிறிய அளவு ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் 230 வரும். 250 மில்லி கோலா 105. மூன்றையும் கூட்டினால் 685, அதாவது ஒரு நாள் தேவையில் 40 சதவீதம். அதில் புரதம் என்று பார்த்தால் 10 கிராமை ஒட்டித்தான் தேறும்.

இந்த மூன்றில் மோசமானது கோலா. பெரும்பாலான பெற்றோர் பர்கரைத்தான் முறைத்துப் பார்க்கிறார்கள். பர்கரில் மாவு, கிழங்கு, கொஞ்சம் எண்ணெய் இருக்கிறது. நம் வீட்டு உருளைக்கிழங்கு போண்டாவிலும் அதேதான். 250 மில்லி கோலாவில் சுமார் 26 கிராம் சர்க்கரை, ஐந்து டீஸ்பூனுக்கு மேல். தனியாகச் சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உங்கள் மகளுக்கு அது முறையே 42 கிராம், 21 கிராம். ஒரே டம்ளரில் அந்த 21 கிராம் தாண்டிவிடுகிறது. ஐஸ் டீ, பழச்சுவை பானம், மில்க் ஷேக் என்று மாற்றிக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை. எல்லாமே சர்க்கரைத் தண்ணீர்தான். மில்க் ஷேக்கில் சர்க்கரையோடு கொழுப்பும் சேர்கிறது.

எனவே ஆர்டர் இப்படி இருக்கட்டும். குழந்தைக்கு ஒரு சிறிய பர்கர். ஃப்ரைஸ் சிறியது ஒன்று வாங்கி இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள். குடிக்க, வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர். இப்போது கணக்கு 465 கலோரி, கோலாவின் சர்க்கரை பூஜ்யம். சீஸ் துண்டு, கூடுதல் மயோனைஸ் வேண்டாம். கெச்சப் ஒரு பொட்டலத்தோடு நிற்கட்டும். 8 கிராம் பொட்டலத்தில் ஏறக்குறைய 2 கிராம் சர்க்கரை உண்டு, குழந்தைகள் மூன்று நான்கைப் பிதுக்கிவிடுவார்கள்.

போகும் நேரமும் முக்கியம். இரவு எட்டு மணிக்குப் பசியோடு போனால் எல்லாமே பெரிய அளவாகத்தான் வாங்குவீர்கள். மதியம் போங்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழமோ அரைக் கிண்ணம் சுண்டலோ கொடுத்துவிடுங்கள். இரவுக்கு ரசம் சாதம், ஒரு கீரையோ காயோ போதும். பட்டினி போட வேண்டாம்.

கடைக்குள் நுழைந்ததும் தொடுதிரை இருக்கிறதே, அதன் பக்கம் குழந்தையை விடாதீர்கள். பர்கரைத் தொட்டால் ‘மீல் ஆக்கலாமா’ என்று கேட்கும். ஆம் என்றால் அடுத்த பெரிய அளவைக் காட்டும். பணம் கட்டும் முன் ஐஸ்கிரீமைக் காட்டும். மூன்று இடத்திலும் படம் பெரிது, வேண்டாம் என்பதற்கான எழுத்து சிறிது. கவுன்ட்டரில் நின்று வாயால் சொல்லி வாங்குங்கள். கவுன்ட்டரிலும் ‘இன்னும் கொஞ்ச ரூபாய் போட்டால் காம்போ’ என்பார்கள். அந்தக் கொஞ்ச ரூபாய்க்கு உங்களுக்குக் கிடைப்பது கோலாவும் கூடுதல் ஃப்ரைஸும்தான். லாபமில்லை.

கலோரியைப் பார்க்க முடியுமா என்றால், முடியும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே கலோரி அளவை மெனு பலகையிலோ அட்டையிலோ போட வேண்டும் என்பது சட்டம். 2022 ஜூலையிலிருந்து கட்டாயம். வீட்டுக்கு வரவழைக்கும் செயலிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் பல இடங்களில் அந்த எண் கண்ணாடி போட்டும் படிக்க முடியாத அளவில் மூலையில் கிடக்கிறது. கேளுங்கள், கேட்டால் காட்ட வேண்டியது அவர்கள் கடமை.

பொம்மை விஷயம். குழந்தைக்கான ‘ஹேப்பி மீல்’ பெட்டியை மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் 1979-ல் கொண்டுவந்தது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமுள்ள பண்டத்தோடு பொம்மை சேர்த்து விற்பதை 2016-லேயே சிலி நாடு தடை செய்துவிட்டது. நம் நாட்டில் பொட்டலத்தின் முகப்பில் என்ன குறியீடு போடுவது என்று 2022-ல் ஒரு வரைவு வந்தது, சத்துக்கேற்ப நட்சத்திரம் போடலாம் என்று. எச்சரிக்கை முத்திரையா, நட்சத்திரமா என்ற வாதம் இழுத்துக்கொண்டே போக, அந்த நாளில் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பொம்மையை மட்டும் தனி விலைக்குத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். தராவிட்டால் அதே பணத்தில் வெளியே ஒரு பொம்மையோ கதைப் புத்தகமோ வாங்கி, அதைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் இன்னொரு நாள் கொடுங்கள். பொம்மை பிரிந்தவுடன் அடத்தில் பாதி அடங்கிவிடும்.

உங்கள் மாமியாரின் அக்கறை நியாயமானது. ஆனால் பஃப்ஸ் மாற்று இல்லை. பஃப்ஸின் அடுக்குகள் பிரிந்து மொறுமொறுவென்று வருவதே மாவுக்கு நடுவே திடக்கொழுப்பைத் தேய்த்து மடித்து மடித்துத் தேய்ப்பதால்தான். வனஸ்பதி போன்ற திடக்கொழுப்பில் வரும், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு, எண்ணெய், கொழுப்பு வகைகளில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரியில் விதி வந்தது. தெருமுனை பேக்கரி எந்த டின்னைத் திறக்கிறது என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்?

பொரிக்கும் எண்ணெயிலும் இதே கதைதான். எண்ணெய் கெட்டுப்போனதற்கு அடையாளமான போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைக் கொட்டிவிட வேண்டும். ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் பதிவேடு வைத்து, பயோடீசல் தயாரிக்க அனுமதி பெற்றவர்களிடம் கழிவு எண்ணெயைக் கொடுக்க வேண்டும். நடுவில் புகுந்து கூடுதல் விலை சொல்லி வாங்கும் தரகர்கள், அதைச் சின்ன வறுவல் கடைகளுக்கு விற்றுவிடுகிறார்கள். கடாயில் எண்ணெய் கருத்து, நுரை ஓரம் தாண்டிப் பொங்கி, காய்வதற்கு முன்பே புகைந்தால் அங்கே குழந்தைக்கு எதுவும் வாங்காதீர்கள். தெருக்கடை என்றால் மயோனைஸையும் தவிருங்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது, அதில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பெருகும் என்பதால்தான்.

இப்போது அந்தப் பவுடர். கேள்வியில் என்னை மிகவும் உறுத்தியது அதுதான். இலவச முகாம் என்று பள்ளிக்குள் வருகிறார்கள். எடை பார்த்து, ஒரு கருவியைப் பிடிக்கச் சொல்லி, சீட்டில் ஏதோ எண் எழுதி, ‘உங்கள் குழந்தைக்கு ஊட்டச்சத்துக் குறைபாடு’ என்கிறார்கள். வெளியில் சாப்பிடும் பழக்கம் உண்டா என்று அடுத்த கேள்வி. உண்டு என்று அம்மா தலைகுனிந்தவுடன் டின் வெளியே வருகிறது. இவர்களில் பெரும்பாலோர் உணவியல் படித்தவர்கள் அல்ல. விற்கும் டின்னுக்குக் கமிஷன் வாங்குபவர்கள். உங்களையும் அடுத்தவருக்கு விற்கச் சொன்னால், அது சங்கிலி வியாபாரம் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

டின்னைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்கள் அதிக அளவிலிருந்து குறைந்த அளவுக்கு வரிசையாகத்தான் எழுதப்பட்டிருக்கும். முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை, மால்ட்டோடெக்ஸ்ட்ரின், மால்ட் சாறு, திரவ குளுக்கோஸ் என்று ஏதாவது இருந்தால், நீங்கள் வாங்கியது பெரும்பாலும் சர்க்கரையும் மாவும். மால்ட் பவுடர்கள் பலவற்றில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கும் மேல் சர்க்கரை இருந்திருக்கிறது. கோலாவில் மிச்சப்படுத்தியதை மறுநாள் காலை பாலில் திருப்பிக் கொட்டுகிறோம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே இல்லை. அதனால்தான் இத்தகைய பானங்களை அந்தத் தலைப்பிலிருந்து நீக்கும்படி இணைய விற்பனைத் தளங்களுக்கு 2024 ஏப்ரலில் மத்திய அரசு அறிவுறுத்தியது. விளம்பரத்தில் அந்தச் சொல்லை மாற்றிவிட்டார்கள், டின் அதே டின். பர்கருக்குப் பரிகாரம் கிடையாது, தேவையும் இல்லை. மறுநாள் வழக்கமான சாப்பாடு, ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் பருப்பு, வெறும் பால். பவுடரை நிறுத்திவிடுங்கள்.

எடை கூடுதலாக இருக்கும் குழந்தைகளுக்கும் சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளுக்கும் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஒரே ஒரு நிலைமையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பெற்றோர் அதில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுவதால்.

நெஃப்ராடிக் சின்ட்ரோம் என்ற சிறுநீரகப் பிரச்சினை உள்ள குழந்தைகள். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், சிறுநீரில் நுரை, அதில் புரதம் போவது. ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். அந்த மருந்து குழந்தைக்கு அகோரப் பசியை உண்டாக்கும். ஏற்கெனவே பாவம், ஊசியும் மாத்திரையுமாகக் கிடக்கிறது என்று பெற்றோர் கேட்டதையெல்லாம் வாங்கித் தருவார்கள். வீக்கம் இருக்கும்போது உப்பைக் கடுமையாகக் குறைக்கச் சொல்வது வழக்கம். ‘உப்புப் போடாமல் ஃப்ரைஸ் கேட்டு வாங்கினோம்’ என்பார்கள். ஃப்ரைஸுக்கு அது செல்லும், ஏனென்றால் உப்பைப் பொரித்து எடுத்த பிறகுதான் தூவுகிறார்கள். கேட்டால் புதிதாகப் பொரித்துத் தருவார்கள். ஆனால் பொரித்த சிக்கனுக்கு அது செல்லாது. கடைக்கு வந்து சேரும் முன்பே உப்புக் கரைசலில் ஊறிய கறி, அதன் மேல் உப்புக் கலந்த மாவு. யாராலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. பன்னிலும் சீஸிலும் சாஸிலும் ஊறுகாய் வெள்ளரியிலும் உப்பு உண்டு. நாக்குக்கு உப்பே தெரியாத பன்னில்கூட! ஒரு பர்கரில் மட்டும் சுமார் ஒன்றரை கிராம் உப்பு போய்விடும். நோயே இல்லாத 7 வயதுக் குழந்தைக்கே நாள் முழுவதற்கும் 4 கிராமை ஒட்டித்தான் அளவு. எனவே வீக்கம் இருக்கும் நாட்களில் இந்தக் கடைகள் பக்கமே போக வேண்டாம். வீக்கம் வடிந்து, சிறுநீரில் புரதம் நின்ற பிறகு எவ்வளவு தளர்த்தலாம் என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவர் சொல்வார்.

மாதத்தின் மற்ற ஞாயிறுகளுக்கு வீட்டிலேயே பர்கர் செய்யலாம். பர்கருக்குள் வைக்கும் கிழங்கு வடை (டிக்கி) உடைகிறது என்பதுதான் எல்லோருடைய புகாரும். காரணம், சூடான கிழங்கில் இருக்கும் ஈரம். 200 கிராம் கிழங்கைத் தோலோடு முழுசாக வேகவைத்து, இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஆறவிட்டு உரித்து மசியுங்கள். இரண்டு மேசைக்கரண்டி அவல் பொடி, ஒரு கைப்பிடி வெந்த பச்சைப் பட்டாணி, கால் டீஸ்பூன் உப்பு. நான்காகப் பிரித்துத் தட்டி, தோசைக்கல்லில் ஒன்றுக்கு அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டு, ஒரு பக்கம் சிவக்கும்வரை திருப்பாமல் விடுங்கள். மயோனைஸுக்குப் பதில் துணியில் வடிகட்டிய கெட்டித் தயிரும் மிளகுத்தூளும்.

கணவர் சொல்வதும் தவறில்லை. மாதம் ஒன்றோ இரண்டோ, எந்த ஞாயிறு என்பதை முன்பே காலண்டரில் குறித்து மகளிடம் சொல்லிவிடுங்கள். மதிப்பெண் வாங்கினால் பர்கர், வீட்டுப்பாடம் முடித்தால் பர்கர் என்று பேரம் பேச வேண்டாம். பரிசாக வரும் பண்டத்தின் மேல் ஆசை இன்னும் ஏறும். முழுத் தடையும் அப்படித்தான், கையில் கிடைக்கும் இடத்தில் இரட்டிப்பாகச் சாப்பிட வைக்கும்.

கடைசியாக, அந்த முகாமைப் பற்றிப் பள்ளித் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. இதைப் பல பள்ளிகள் வாசித்ததே இல்லை, வாசித்துக் காட்ட வேண்டிய அதிகாரிகளும் வருவதில்லை. பதில் வராவிட்டால் டின்னின் நான்கு பக்கத்தையும் படம் எடுத்து, அதிலிருக்கும் 14 இலக்க உணவு உரிம எண்ணோடு அந்த ஆணையத்தின் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியில் புகார் பதிவு செய்யுங்கள். உரிம எண்ணே இல்லாத டின் என்றால், அதையும் புகாரில் முதல் வரியாக எழுதுங்கள்.