பழைய காருக்குப் பெரிய ஆல்டர்னேட்டர்: முதலில் எதை அளக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும்?

கேள்வி: என் பெட்ரோல் கார் இருபத்தைந்து வருடப் பழசு. கம்பெனியில் வந்த 55 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்தான் இன்னமும் ஓடுகிறது. போன வருடம் ஒரு ஆம்ப்ளிஃபயர், முன்னால் இரண்டு எல்இடி விளக்கு, பின்சீட்டில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் என்று சேர்த்தேன். இப்போது இரவில் ஏசி போட்டு சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்குகிறது. பாட்டின் அடிக்கு ஏற்றபடி துடிக்கவும் செய்கிறது. சில நாள் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. 120 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் மாட்டச் சொல்கிறார் ஒரு மெக்கானிக். மாட்டினால் பழைய ஒயரிங் எல்லாம் எரிந்துவிடும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி சரி. ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் பெல்ட்டால் சுற்றி, காருக்கு மின்சாரம் கொடுத்துப் பேட்டரியையும் சார்ஜ் செய்யும் கருவி. இரண்டாமவர் பயத்தை முதலில் பார்ப்போம். 120 ஆம்பியர் என்று எழுதியிருப்பதால் அது 120ஐயும் ஒயருக்குள் தள்ளிவிடாது. ஆல்டர்னேட்டரும் அதன் ரெகுலேட்டரும் கட்டிக் காப்பது வோல்ட்டேஜை மட்டும்தான், 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில். எத்தனை ஆம்பியர் போகும் என்பதை எரிகிற விளக்கும் சுற்றுகிற மோட்டாரும் முடிவு செய்கின்றன. இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 8 ஆம்பியர் கேட்டால், பின்னால் இருப்பது 55 ஆனாலும் 200 ஆனாலும் அந்த 8தான் போகும். உங்கள் வைப்பர் ஒயருக்கோ டேஷ்போர்டு ஒயருக்கோ இதனால் எந்த ஆபத்தும் இல்லை.

விதிவிலக்கு ஒரே ஒரு ஒயர்தான்: ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகிற தடித்த சார்ஜிங் ஒயர். பேட்டரி நன்றாக இறங்கிய நிலையில் காரை ஸ்டார்ட் செய்தால், விளக்கு, ஏசி, பேட்டரி எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும். அப்போது பெரிய ஆல்டர்னேட்டர் தன் முழு பலத்தையும் அந்த ஒயர் வழியாகத்தான் கொடுக்கும். 55 ஆம்பியருக்குப் போட்ட ஒயர் அங்கே சூடாகும். எரிந்துவிடும் என்கிற பேச்சுக்கு மூலம் இதுதான், அதில் நியாயமும் இருக்கிறது. அந்த ஒயரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது உங்கள் காரின் கணக்கு. இக்னிஷன், இன்ஜெக்‌ஷன், பெட்ரோல் பம்ப் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர். ஹெட்லைட் லோ பீம், பார்க்கிங் விளக்கு, டேஷ்போர்டு விளக்கு சேர்ந்து 12. ஏசி புளோயர் முழு வேகத்தில் 14, கம்ப்ரசர் கிளட்ச் 4, ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது இன்னொரு 14. கூட்டினால் 54. நீங்கள் எதையும் சேர்ப்பதற்கு முன்பே, ஏசி போட்ட இரவில் இந்தக் கார் தன் ஆல்டர்னேட்டரின் எல்லையைத் தொட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதற்கு மேல் ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 முதல் 5, ஐம்பது வாட் எல்இடி இரண்டுக்கு 7 அல்லது 8. ஆம்ப்ளிஃபயர் 400 வாட் என்று வைத்துக்கொண்டால் அடி விழும் கணத்தில் 45 ஆம்பியரைத் தாண்டும், ஆனால் பாட்டு என்பது இடைவிடாத அடி இல்லையே, சராசரியாக 12 முதல் 16 வரை வரும். ஆக மொத்தம் 80 சொச்சம். (ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 2000 வாட் என்று போட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம். அதன் பின்புறம் இருக்கிற ஃபியூஸைப் பாருங்கள், அது பொய் சொல்லாது.)

80 தேவை, கையிருப்பு 55. அப்படியானால் நேராகப் பெரிய ஆல்டர்னேட்டர் வாங்கப் போகலாமா? கொஞ்சம் பொறுங்கள். 55 என்பதே உங்களுக்கு சிக்னலில் கிடைப்பதில்லை.

ஆல்டர்னேட்டரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் பல தயாரிப்புகளில் இரண்டு எண்கள் இருக்கும், 30/55 என்பது போல. இரண்டாவது எண், ஆல்டர்னேட்டரின் அச்சு நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது தருவது. முதல் எண், 1500 முதல் 1800 சுற்றில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஐடிலிங்கில் நிற்கும்போது தருவது. உங்கள் இன்ஜின் ஐடிலிங்கில் 750 சுற்று, புல்லி விகிதம் (இன்ஜினின் ஒரு சுற்றுக்கு ஆல்டர்னேட்டர் எத்தனை சுற்று என்பது) 2.2 என்றால் ஆல்டர்னேட்டர் 1650 சுற்றில் சுற்றும், கிடைப்பது 30க்குப் பக்கம். சூடேறிய பிறகு அதிலும் கொஞ்சம் குறையும். மீதியைப் பேட்டரி கொடுக்கிறது. வோல்ட்டேஜ் 14லிருந்து 12.5க்கு இறங்குகிறது, ஹெட்லைட் மங்குகிறது. ஒவ்வொரு அடிக்கும் ஆம்ப்ளிஃபயர் பேட்டரியை உறிஞ்சும்போது விளக்கும் கூடவே துடிக்கிறது.

அதனால் கடையில் 120 இருக்கிறதா என்று கேட்காதீர்கள். ஐடிலிங்கில் எவ்வளவு தரும் என்று கேளுங்கள். பெரிய எண்ணுக்கு ஆசைப்பட்டுச் சுற்றிக் கட்டிய சில ஆல்டர்னேட்டர்கள் அதிவேகத்தில் 120 தந்தாலும் ஐடிலிங்கில் உங்கள் பழையதை விடக் குறைவாகத் தருவதுண்டு. என்னைக் கேட்டால் 50/100 என்று தகடு போட்டது, 40/120ஐ விட உங்களுக்கு நல்லது. ஸ்டேட்டரில் (ஆல்டர்னேட்டருக்குள் சுற்றாமல் நிற்கும் கம்பிச்சுருள் பகுதி) வட்டக் கம்பிக்குப் பதில் சதுரக் கம்பியை நெருக்கமாக அடுக்கிய புதிய வகைகள் இந்த விஷயத்தில் நன்றாக இருக்கின்றன.

வாங்குவதற்கு முன் ஒரு அரை மணி நேரம் மல்டிமீட்டரோடு உட்காருங்கள். இரவு முழுக்க நிறுத்தி வைத்த காரில் பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 12.2 காட்டினால் பாதி காலி. இன்ஜினை ஓடவிட்டு எல்லாவற்றையும் அணைத்து வைத்தால் 13.8 முதல் 14.4 வரை. பிறகு ஹெட்லைட், ஏசி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் போட்டு ஐடிலிங்கில் ஒரு அளவு, இன்ஜின் 2000 சுற்றில் ஒரு அளவு எடுங்கள். ஐடிலிங்கில் இறங்கிய வோல்ட்டேஜ் 2000ல் மறுபடி 13.8ஐத் தொட்டால் ஆல்டர்னேட்டர் நல்ல நிலையில்தான் இருக்கிறது, திறன்தான் போதவில்லை. 2000லும் ஏறவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: சுமை உண்மையிலேயே 55ஐத் தாண்டியிருக்கலாம், அல்லது ஏதோ பழுது. ஃபிரிட்ஜையும் எல்இடியையும் அணைத்துவிட்டுத் திரும்ப அளந்தால் எது என்று தெரிந்துவிடும். பழுது என்றால் தேய்ந்த கார்பன் பிரஷ், போன டையோடு (ஆல்டர்னேட்டரின் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்குவது), நழுவும் பெல்ட், துருப்பிடித்த இணைப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். ஆறு டையோடில் ஒன்று போனால்கூடச் சார்ஜ் ஆவது போலவேதான் தெரியும், ஆனால் வரத்து கணிசமாகக் குறைந்திருக்கும். மீட்டரை மாறுமின்சார (AC) வோல்ட்டுக்கு மாற்றி, ஓடும் இன்ஜினில் பேட்டரி முனைகளில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டையோடைச் சந்தேகப்படலாம்.

இன்னொரு சோதனையைப் பெரும்பாலானோர் செய்வதில்லை. எல்லாச் சுமையும் போட்டு 2000 சுற்றில், மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் திருகின் (சார்ஜிங் ஒயர் மாட்டியிருக்கும் திருகு) மேலும் கறுப்பு முனையை பேட்டரியின் பிளஸ் மேலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் வந்தால் அவ்வளவும் ஒயரிலேயே வீணாகிறது. அதேபோல ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்தால் எர்த் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி) எப்படி இருக்கிறது என்று தெரியும், அங்கே 0.2க்குள் இருக்க வேண்டும். பழைய கார்களில் இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை பச்சை பூத்துக் கிடப்பது சகஜம். அதை மாற்றினதும் மங்கல் பாதி குறைந்துவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள். சோதனை செய்யும்போது ஃபேன், பெல்ட் பக்கம் துணியோ ஒயரோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆகாதது வேறு கதை. இன்ஜின் நின்றபின் ஃபிரிட்ஜ் ஓடுகிறதா பாருங்கள். இடைவிட்டு ஓடினாலும் ஓர் இரவில் 15, 20 ஆம்பியர்-மணியைத் தின்றுவிடும். உங்கள் பேட்டரியே 45 இருந்தால் பெரிது. இதை எந்த ஆல்டர்னேட்டராலும் சரிசெய்ய முடியாது. சாவியை எடுத்ததும் அணைகிற ரிலே ஒன்றோ, வோல்ட்டேஜ் இறங்கினால் துண்டிக்கும் வசதி உள்ள ஃபிரிட்ஜோதான் வழி.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, திறன்தான் குறைவு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 80க்குக் கால் பங்கு சேர்த்து 100 ஆம்பியர் போதும், 120 தேவையில்லை. அதே காரின் ஏசி மாடலிலோ பிந்தைய மாடலிலோ வந்த பெரிய ஆல்டர்னேட்டர் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு, பிராக்கெட்டை வெட்டி ஒட்டும் வேலை மிச்சம். போல்ட் துளையின் விட்டம், போல்ட் மாட்டும் காதுகளுக்கு இடையே உள்ள தூரம், புல்லி பெல்ட்டோடு நேர்கோட்டில் நிற்கிறதா என்பதை மாட்டிப் பார்த்தே வாங்குங்கள். புதிய கார்களிலிருந்து கழற்றியவற்றில் கவனம் தேவை. அவற்றில் பலவற்றைக் காரின் கம்ப்யூட்டர்தான் கட்டுப்படுத்துகிறது, உங்கள் காரில் அவை ஒழுங்காகச் சார்ஜ் செய்யாது. டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சில டீசல் இன்ஜின்களில் ஆல்டர்னேட்டரின் பின்னால் வேக்குவம் பம்ப் இருக்கும், பிரேக் பூஸ்டர் அதை நம்பித்தான் இருக்கிறது. பம்ப் இல்லாததை மாட்டினால் பிரேக் கல்லாகிவிடும்.

இப்போது அந்தச் சார்ஜிங் ஒயர். ஆறு சதுர மில்லிமீட்டர் ஒயர், இரண்டு மீட்டர் நீளம், 100 ஆம்பியர் போனால் சுமார் 0.57 வோல்ட் விழும். 57 வாட் சூடு, ஒரு ஹெட்லைட் பல்பு எரிகிற அளவு, ஒயருக்குள்ளேயே. அதே நீளத்துக்கு 25 சதுர மில்லிமீட்டர் போட்டால் விழுவது 0.14 வோல்ட்தான். பழைய ஒயரைப் பிய்த்து எடுக்க வேண்டாம். அது இருக்கட்டும், புதியதை பி பிளஸிலிருந்து நேராகப் பேட்டரி பிளஸுக்குக் கூடுதலாக இழுங்கள். ஒயர் முனையில் வரும் உலோக வளையத்தை (லக்) ஹைட்ராலிக் கருவியில் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், சுத்தியலால் தட்டி ஒட்ட விடாதீர்கள். 125 ஆம்பியர் ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்தில் போட வேண்டும், ஆல்டர்னேட்டர் பக்கத்தில் அல்ல. ஒயர் எங்கேயாவது உரசி பாடியில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டப்போவது பேட்டரிதான். அதே தடிமனில் இன்ஜினிலிருந்து பேட்டரி மைனஸுக்கு ஒரு எர்த். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது, தானாக எர்த் ஆகாது. டேஷ்போர்டில் அம்மீட்டர் உள்ள மிகப் பழைய வண்டி என்றால் மொத்த கரண்டும் அந்த மீட்டருக்குள் போய் வருகிறது. அதை விலக்கிவிட்டு வோல்ட் மீட்டர் போடுங்கள், இதில் சமரசமே வேண்டாம்.

பெல்ட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 100 ஆம்பியரை 14 வோல்ட்டில் தர வேண்டுமானால் வெளியே வருவது 1400 வாட். இழப்பையும் சேர்த்தால் இன்ஜினிலிருந்து இழுப்பது மூன்று குதிரைத்திறனுக்கு மேல், அது முழுக்க பெல்ட் வழியாகத்தான். ஒற்றை வி பெல்ட் இருந்தால் இதற்கு மேல் போக வேண்டாம் என்பேன், 120 வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தினால் பெல்ட் நழுவுகிறது. அதற்காக முறுக்கிக் கட்டினால் பேரிங் போகும். ஐடிலிங் வரத்தைக் கூட்டச் சின்னப் புல்லி போடலாம், ஆனால் விகிதம் 3 ஆனால் இன்ஜின் 6000 சுற்றும்போது ஆல்டர்னேட்டர் 18000 சுற்றும். பல ஆல்டர்னேட்டர்களுக்கு அதுதான் எல்லை, சிலவற்றுக்கு எல்லைக்கும் மேல்.

மாட்டிய பிறகு டேஷ்போர்டின் பேட்டரி விளக்கு எரிந்து அணைகிறதா பாருங்கள். அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகிற கரண்டுதான் பல ஆல்டர்னேட்டர்களை எழுப்பிவிடுகிறது. அங்கே எல்இடி போட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது என்று புகார் சொல்பவர்கள் உண்டு. பழைய பல்பையே போடுங்கள். ரெகுலேட்டருக்கு வோல்ட்டேஜைக் காட்டும் தனி சென்ஸ் ஒயர் இருந்தால் அதை பேட்டரி பிளஸில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நல்லது.

வேலை தொடங்குமுன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள், பி பிளஸில் சாவி இல்லாமலே கரண்ட் இருக்கும். ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரியைக் கழற்றிக் காட்டும் பழைய வித்தையை யாரையும் செய்ய விடாதீர்கள். அந்தக் கணத்தில் எழும் வோல்ட்டேஜ் காரின் கம்ப்யூட்டரையும் உங்கள் ஆம்ப்ளிஃபயரையும் ஒன்றாகக் கொண்டுபோகும். முழுக்க இறங்கிய பேட்டரியோடு புது ஆல்டர்னேட்டரை ஓட்ட வேண்டாம், முதலில் சார்ஜரில் போட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். ஒயர் மாற்றுவதற்கு முன் எடுத்த அதே அளவுகளை, அதே சுமையில், மறுபடி எடுத்துப் பாருங்கள். எல்லாம் போட்டு இன்ஜின் 2000 சுற்றில் 13.5 நின்றால் போதும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டியதில்லை. புது பெல்ட் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும், அப்போது ஒருமுறை இழுத்துக் கட்டச் சொல்லுங்கள்.