கேளுங்க, சொல்றேன்: டிஎன்பி-யா, பிஎச்டி-யா?

அக்கா, அமெரிக்கால ஒரு பிரைமரி கேர் கிளினிக்ல ஏழு வருஷமா ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனரா (பேஷன்ட்ட பாத்து மருந்து எழுதுற நர்ஸ்) இருக்கேன். மாஸ்டர்ஸ் கையில இருக்கு, இப்ப டாக்டரேட்டுக்கு அப்ளை பண்ணலாம்னு இருக்கேன். கூட வேலை பாக்குறவங்க டிஎன்பி (நர்சிங் நடைமுறைக்கான டாக்டரேட்) போங்கறாங்க, எனக்கு பாடம் எடுத்த மேடம் ஆராய்ச்சி பண்ற பிஎச்டி-க்குத்தான் மதிப்புங்கறாங்க. ஏன் இந்தப் படிப்புன்னு விளக்கற ஸ்டேட்மென்ட் ரெண்டு பக்கம் கேக்குறாங்க, "சின்ன வயசுலேர்ந்தே சேவை செய்ய ஆசை"ன்னு எழுதிட்டு அதுக்கு மேல ஒரு வரி ஓடல.
– ஒரு வாசகி

அந்த வரிய மொதல்ல அழிச்சுடுங்கம்மா. அதைப் படிச்சு படிச்சு கமிட்டில இருக்கறவங்க கண்ணு பூத்துப் போயிருக்கும்.

எது மதிப்புன்னு பாக்காதீங்க, உங்க கிளினிக்ல உங்கள உறுத்துற விஷயம் எதுன்னு பாருங்க. உதாரணத்துக்கு, சுகர் பேஷன்ட் வர்றாங்க, பிபி பாக்குறோம், மாத்திரை எழுதுறோம், பாதத்த மட்டும் பாக்குறதே இல்ல, ஏன்னா அவங்க ஷூவும் சாக்ஸும் போட்டபடியே உக்காந்திருக்காங்க, நமக்கும் பதினஞ்சு நிமிஷம்தான், கழட்டச் சொல்ல நேரமில்ல. சரி, ரூமுக்குள்ள கூட்டிட்டு வர்ற மெடிக்கல் அசிஸ்டன்டே சாக்ஸ கழட்ட வச்சுட்டுப் போனா எத்தனை பேருக்கு பாத பரிசோதனை கூடுதலா நடக்கும்? மூணு மாசம் அப்படி செஞ்சு பாத்து, முன்னாடி எவ்வளவு, இப்ப எவ்வளவுன்னு எண்ணிக் காட்டினா அது டிஎன்பி ப்ராஜெக்ட். அதே பேஷன்ட் கால்ல புண்ணு வந்தும் ஏன் மாசக்கணக்குல யார்கிட்டயும் சொல்லாம மறைக்கறாருன்னு உங்களுக்கு தூக்கம் வரலன்னா, அதுக்கு யாருமே இன்னும் சரியா பதில் சொல்லலன்னு தோணுச்சுன்னா, நீங்க பிஎச்டி ஆளு. முன்னது தெரிஞ்சத நடைமுறைக்கு கொண்டு வர்றது, பின்னது தெரியாதத கண்டுபிடிக்கறது. இதுல ஒண்ணு ஒசத்தி ஒண்ணு மட்டம்னு எதுவும் இல்ல.

ஸ்டேட்மென்ட்டையும் அந்த சாக்ஸ்லேர்ந்தே ஆரம்பிங்க. உங்க கிளினிக்ல நீங்க கண்ணால பாத்தது, செஞ்சு பாத்தது, எங்க முட்டிக்கிட்டு நின்னீங்க, அதுக்கு இந்த படிப்புல எது வேணும், அந்த ஸ்கூல்ல யாரு அந்த வேலைய பண்றாங்க. பிஎச்டி-ன்னா இந்த கடைசி விஷயம்தான் உயிர்நாடி, உங்க கேள்விக்கு பக்கத்துல வேலை பண்ற கைடு அங்க இல்லன்னா மார்க் எவ்வளவு இருந்தும் பிரயோஜனமில்ல, அதனால அப்ளை பண்றதுக்கு முன்னாடியே அவங்களுக்கு ஒரு மெயில் போட்டுடுங்க.

டிஎன்பி-ன்னா யாரும் முன்கூட்டி சொல்லாத ஒரு தலைவலி இருக்கு, மணிக்கணக்கு. பல புரோகிராம்ல பிஎஸ்சி-க்கு அப்புறம் மொத்தம் 1,000 மணி நேரம் மேற்பார்வையில செஞ்ச பிராக்டிஸ் காட்டணும். அப்படி இருந்தா, மாஸ்டர்ஸ்ல 600 பண்ணியிருந்தா மிச்சம் 400 இங்க பண்ணணும். ஏழு வருஷம் வேலை பாத்தேனேன்னா, சம்பளத்துக்கு பாத்த வேலை பொதுவா இந்தக் கணக்குல சேராது. அந்த 600-க்கு பழைய ஸ்கூல் லெட்டர் தரணும். நான் கேட்டப்ப என் பழைய ஸ்கூல் ஆபீஸ்ல ஆள் மாறி, ஃபைல் மாறி, ஆறு வாரம் இழுத்தடிச்சாங்க, டெட்லைனுக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்துச்சு. அதனால ஸ்டேட்மென்ட்டுக்கும் முன்னாடி அந்த லெட்டருக்கு சொல்லி வைங்க. ஆன்லைன் புரோகிராம்னா உங்க ஸ்டேட்ல கிளினிக்கல் (மேற்பார்வைப் பயிற்சி) பண்ண வைக்க அவங்களுக்கு அனுமதி இருக்கான்னும் கேட்டுக்கோங்க. சில இடத்துல ப்ராஜெக்ட் பண்ண விடுவோம்னு உங்க கிளினிக்கே எழுதித் தரணும், மேனேஜர்கிட்ட இப்பவே காதுல போட்டு வைங்க.

ரெகமண்டேஷன் பெரிய பதவிக்காரங்ககிட்ட வாங்கணும்னு அலையாதீங்க. நீங்க வேலை செய்யறத பக்கத்துல நின்னு பாத்தவங்க எழுதினாத்தான் அதுல சரக்கு இருக்கும்.

டாக்டரேட் இல்லன்னா இனிமே நர்ஸ் பிராக்டிஷனர் லைசென்ஸே போயிடும்னு பயமுறுத்தறாங்களே?

போகாது. 2004-ல ஏஏசிஎன், அதாவது நர்சிங் காலேஜுகளோட சங்கம், அட்வான்ஸ்டு பிராக்டிஸுக்கு (நர்ஸ் பிராக்டிஷனர் மாதிரி வேலைக்கு) வர்றவங்க 2015-க்குள்ள டிஎன்பி-யோட வரணும்னு தீர்மானம் போட்டாங்க. 2015 வந்துச்சு, போச்சு, மாஸ்டர்ஸ் முடிச்சவங்க இன்னமும் நர்ஸ் பிராக்டிஷனர் சான்றிதழுக்கான போர்டு எக்ஸாம் எழுதிட்டுதான் இருக்காங்க. மயக்க மருந்து குடுக்கற நர்ஸுங்களோட (சிஆர்என்ஏ) படிப்புலதான் கறாரா பண்ணிட்டாங்க, 2022 ஜனவரிலேர்ந்து புதுசா சேர்றவங்க எல்லாருக்கும் டாக்டரேட் கட்டாயம். ஏற்கெனவே வேலையில இருக்கறவங்கள அது தொடாது.

ஃபீஸ நினைச்சாலே பயமா இருக்கு, வழி இருக்கா அக்கா?

பிஎச்டி-ல பல இடத்துல ஃபீஸும் கட்டி ஸ்டைபண்டும் தருவாங்க, டிஎன்பி-ல அது அபூர்வம், பெரும்பாலும் நம்ம கைக்காசுதான். ஆனா பாடம் எடுக்கப் போற எண்ணம் இருந்தா நர்ஸ் ஃபேகல்டி லோன் புரோகிராம்னு அரசாங்க உதவியில ஒண்ணு இருக்கு, முடிச்சுட்டு முழுநேர ஆசிரியரா இருந்தா 85% வரைக்கும் கடன தள்ளுபடி பண்ணுவாங்க. எல்லா ஸ்கூல்லயும் கிடையாது, அட்மிஷன் ஆபீஸ்ல கேட்டுட்டு அப்புறம் அப்ளிகேஷன் ஃபீஸ் கட்டுங்க.

முடிச்சதும் பேஷன்ட்கிட்ட "டாக்டர்"னு சொல்லிக்கலாமா?

பட்டம் உங்களோடது, ஆனா கிளினிக்குள்ள கலிபோர்னியா மாதிரி ஸ்டேட்ல அப்படி சொல்லிக்கிட்டு சட்டச் சிக்கல்ல மாட்டினவங்க உண்டு. உங்க ஸ்டேட் சட்டத்த பாத்துக்கோங்க, சொல்ல அனுமதி இருந்தாலும் அடுத்த மூச்சுல "நான் நர்ஸ் பிராக்டிஷனர்"னு சேத்து சொல்லிடுங்க.